வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு... ஆஸ்திரேலியப் பொட்டல்காட்டில் 18 நாட்கள்!

"ஏன் மதினி, பாக்கிறதுக்கு உலகத்துல வேற இடமே இல்லையா? பச்சைப்புள்ளையைத் தூக்கிக்கிட்டு பொட்டல்காட்டுக்குப் போறீகளாக்கும்!"

நாங்கள் கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு 'அவுட்பேக்' போகப்போகிறோம் என்று சொன்னதும், மதுரையிலிருந்து போனில் என் நாத்தனார் கேட்ட கேள்வி இது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் மனசுக்குள்ளேயே அந்தக் கேள்வி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் பெரிய நகரங்கள் எல்லாம் பெரும்பாலும் கடலோரத்தில்தான். உள்ளே போகப் போகச் செம்மண், முட்புல், வானம்... அவ்வளவுதான். அந்த உள்நாட்டைத்தான் அவுட்பேக் என்கிறார்கள். நாங்கள் இருப்பது தெற்கே அடிலெய்டில். அங்கிருந்து 310 கி.மீ. வடக்கே போர்ட் அகஸ்டா. அந்த ஊரில் தொடங்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, கண்டத்தின் நடுவே புகுந்து, வடகோடியில் இருக்கும் டார்வின் வரை சுமார் 2,700 கி.மீ. ஓடுகிறது. 1862-ல் தெற்கிலிருந்து வடக்குக் கடல் வரை போய்த் திரும்பிய ஜான் மெக்டவல் ஸ்டூவர்ட்டின் பெயர் அதற்கு. முழுக்கத் தார் போட்டு முடித்ததே 1987-ல்தான்.

கேம்பர்வேன் என்பது படுக்கை, காஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கழிப்பறை, தண்ணீர் டாங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வாடகைக்குக் கிடைக்கும். போன ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு அப்படி ஒரு வண்டியில் போய்வந்தோம். நான், என் கணவர், எட்டு வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், ஊரிலிருந்து எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்திருந்த மாமியார், ஆக ஐந்து பேர். பையனுக்கு அவ்வப்போது இளைப்பு வரும். என் பயமெல்லாம் அதுதான்.

இவர் போட்ட கணக்கும் நான் போட்ட கணக்கும்

இவர் முதலில் போட்ட திட்டம் டார்வின் வரை போய்த் திரும்புவது. ஆறாயிரம் கி.மீ.க்கு மேல். நாள் பதினான்கு!

"தினம் 430 கி.மீ. தானே? அஞ்சு மணி நேரம் ஓட்டினா முடிஞ்சுது" என்றார்.

"சமைக்கிறது, பாத்திரம் கழுவறது, குழந்தையை ஒண்ணுக்கு இறக்கறது, படுக்கையை மடிக்கிறது... இதெல்லாம் எந்த மணி நேரத்துல வருது?" என்றேன். பதில் இல்லை.

கூபர் பீடி என்ற ஊருக்கும் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸுக்கும் நடுவே சுமார் 690 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போகிற தூரம். நம் ஊரில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஊர், எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை டீக்கடை! இங்கே நடுவில் இருப்பது பெட்ரோல் போட்டுச் சாப்பிட்டுத் தங்கிப் போகிற 'ரோட்ஹவுஸ்'கள் சில மட்டுமே. சில இடத்தில் 250 கி.மீ. வரைக்கும் பெட்ரோல் பங்க் கிடையாது.

டார்வினை வெட்டினேன். ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ், உலுரு பாறை, அங்கிருந்து வீடு. போகவர 3,600 கி.மீ. பெண்ணின் வகுப்பு ஆசிரியையிடம் இரண்டு நாள் கூடுதலாக லீவு கேட்டு, பதினெட்டு நாளாக்கினேன். அதை மூன்றாகப் பிரித்தேன். வண்டி ஓடும் நாள் 12, ஊரில் தங்கிப் பார்க்கும் நாள் 4, வெற்று நாள் 2.

"அதென்ன வெற்று நாள்?" என்று இவர் சிரித்தார். "நாள் வாடகை கட்டிட்டு சும்மா உக்காரவா?"

"வீட்டுல மாசச் செலவு போடறப்போ கொஞ்சம் தனியா எடுத்து வைக்கிறோமே, அதுபோலத்தான்" என்றேன்.

அவர் ஒப்புக்கொண்டது வேறொரு காரணத்தால். 2022 ஜனவரியில் பெய்த பெருமழையில் இந்த நெடுஞ்சாலையே வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டு, கூபர் பீடிக்கு விமானத்தில் உணவு கொண்டுபோக நேர்ந்தது. "மழைக்காக வேணா வச்சுக்கலாம்" என்றார். எதற்காகவோ, வைத்தாரே!

போகிற காலமும் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரைதான் குடும்பத்தோடு போக ஏற்றது. டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலையில் பகல் இதமாக இருக்கும். ஆனால் ராத்திரி குளிர், சில நாள் உறைநிலைக்கே இறங்கிவிடும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்!

வண்டி பிடிக்கும்போது

விளம்பரத்தில் படுக்கை எத்தனை என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். நாம் கேட்க வேண்டியது, பெல்ட்டோடு உட்கார எத்தனை இடம், குழந்தை இருக்கையைப் பொருத்தும் கொக்கி எந்த இருக்கையில் இருக்கிறது என்று. ஆஸ்திரேலியாவில் ஏழு வயது வரை பிள்ளைகளை அதற்கென்று உள்ள இருக்கையில்தான் உட்காரவைக்க வேண்டும், சட்டம். சிறிய வண்டிகள் பலவற்றில் அதற்கு வசதியே கிடையாது. 'படுக்கைதான் இருக்கே, குழந்தை தூங்கிட்டே வரட்டும்' என்று ஓடும் வண்டியில் படுக்க வைக்கவே கூடாது.

ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். மண் சாலையில் ஓட்டக் கூடாது, ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது. மீறினால் இன்ஷூரன்ஸ் கிடையாது. இருட்டில் ஓட்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கங்காருக்கள் விடியலிலும் அந்தியிலும்தான் மேய வரும். விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு குறுக்கே பாயும். அதனால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவது, மாலை நான்கு மணிக்கு நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, 'ரோட் டிரெயின்' என்ற லாரிகள். மூன்று பெட்டி கோத்தவை 53 மீட்டர் நீளம்! அதை முந்துவதற்குள் உயிர் போய்விடும். முந்த வேண்டாம், பின்னாலேயே நிதானமாகப் போவோம் என்று இவரிடம் முன்பே வாக்கு வாங்கிவிட்டேன்.

அத்தையின் தண்ணீர்க் கணக்கு

என் மாமியாருக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரு குடம் தண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்தவர். அவருக்கு நான் பாலைவனம் பற்றி வகுப்பெடுக்கப் போனதுதான் வேடிக்கை.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க ஐந்து லிட்டராவது வேண்டும் என்று கணக்கு வைத்தோம். ஐந்து பேருக்கு 25 லிட்டர். வழியில் நின்றுபோனால் இரண்டு நாள் தாங்கணும். ஆக 50 லிட்டர். பத்து லிட்டர் கேன் ஐந்து வாங்கினோம். வண்டி டாங்கில் இருக்கும் தண்ணீர் பாத்திரத்துக்கும் குளியலுக்கும். அது இந்தக் கணக்கில் சேராது.

அத்தை ஒரே ஒரு சட்டம் போட்டார்: "தாயி, அஞ்சாவது கேனை யாரும் தொடக் கூடாது. அடுத்த ஊரு குழாயைக் கண்ணால பாத்துட்டு, மத்த கேனு நாலையும் ரொப்பிக்கணும். அஞ்சாவது எப்பவும் நெறஞ்சே கிடக்கட்டும்."

அதையே டீசலுக்கும் வைத்துக்கொண்டோம். டாங்க் பாதி இறங்கினால் காலி என்று அர்த்தம். பங்க் கண்ணில் பட்டால் ரொப்பிவிடு!

பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். அரிசி களைந்த நீரில் முதல் கழுவல். இதெல்லாம் அத்தை சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

குளிர்காலத்தில் குழந்தைகள் தாகம் என்றே சொல்லமாட்டார்கள். காற்றோ எலும்புவரை காய்ந்த காற்று. மணிக்கொரு தரம் நாமேதான் கொடுக்கணும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உப்பு-சர்க்கரைப் பொட்டலங்கள் பத்து கையில் வைத்திருந்தேன்.

அடுப்படி அலமாரி

வறுத்த ரவை, அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, ஊறுகாய், கெடாத பெட்டிப் பால். சின்ன குக்கர் ஒன்று இருந்தால் காஸ் பாதிதான் ஆகும். காய்கறியில் கீரை, தக்காளி, வெண்டைக்காய் முதல் மூன்று நாளைக்கு. முட்டைக்கோஸ், காரட் அடுத்து. பூசணி, உருளை, வெங்காயம் கடைசிக்கு. கூபர் பீடியிலும் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸிலும் கடைகள் உண்டு. விலைதான் கொஞ்சம் உறைக்கும். ஒரு விஷயம்: பழங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் பல கட்டுப்பாடுகள் உண்டு. பழ ஈ பரவும் என்று தென் ஆஸ்திரேலியாவுக்குள் வருகிறவர்களிடம் கண்டிப்பு அதிகம். எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிட வேண்டும்.

ஒரு கேம்பில் என் குக்கர் விசில் அடித்ததும், பக்கத்து வண்டியிலிருந்து ஒரு வயதான தம்பதி என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்! ஓய்வு பெற்றபின் வீட்டைப் பூட்டிவிட்டு இப்படி மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் இங்கே ஏராளம். 'கிரே நோமட்ஸ்', நரைமுடி நாடோடிகள் என்று செல்லப்பெயர். சாம்பார் சாதத்தை ரசித்துச் சாப்பிட்டு, எந்த ரோட்ஹவுஸ் திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் நன்றாக இருக்கும் என்று எங்கள் நோட்டில் எழுதியும் கொடுத்தார்கள்.

ராத்திரி குளிருகிறதே என்று காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயக் கூடாது. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆபத்து. சமைக்கும்போதும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. மாதாந்தரத் தேவைக்கானதை இரண்டு மாதத்துக்காகும் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அத்தையின் பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், இரண்டு பைகளில் பிரித்து வைத்தேன்.

வண்டியை விட்டு நகராதே!

இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்வித்தோம். 1963 டிசம்பரில், பேர்ட்ஸ்வில் பாதையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வழி தவறிப்போனது. பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிட்டது. தண்ணீர் தேடிக் காரை விட்டு நடந்தார்கள். ஐந்து பேருமே பிழைக்கவில்லை. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஐந்து பேர்தானே!

நாங்கள் போனது தார்ச்சாலை, வண்டிகள் வந்துபோகும். ஆனாலும் விதி ஒன்றுதான். நின்றுபோனால் வண்டிதான் நிழல், வண்டிதான் அடையாளம். தேடுகிறவர்கள் கண்ணுக்கு ஆளைவிட வண்டிதான் முதலில் படும். நெடுந்தூரத்துக்கு செல்போன் வேலை செய்யாது. அதனால் செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கைக்கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். எந்த நாள் எந்த ஊர் என்று அடிலெய்டில் என் தோழியிடம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஊர் சேர்ந்ததும் அவளுக்குப் போன். ராத்திரி எட்டு மணி வரை போன் வராவிட்டால் அவள் போலீசுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த ராத்திரி

கிளம்புமுன் பையனைக் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். "தாராளமா போங்க. ஆனா, இளைப்பு வந்தா என்ன செய்யணும்னு எழுதித் தர்றேன், அதை வண்டிச் சுவர்ல ஒட்டிக்குங்க" என்றார். இன்ஹேலர் இரண்டு, ஸ்பேசர் இரண்டு. போகிற வழியில் ஆஸ்பத்திரி எங்கெங்கே என்று எழுதிக்கொண்டேன்: போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ். உலுருவுக்குப் பக்கத்தில் யுலாராவில் ஒரு மருத்துவ நிலையம். எந்த ஊருக்குப் போனாலும் கூடாரம் போடுமுன், வெளிச்சம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசலை ஒரு தரம் பார்த்துவிடுவது என் வழக்கமாயிற்று. "கோயிலுக்குப் போற மாதிரி முதல்ல அங்கே போறாளே!" என்று இவர் கிண்டல் செய்வார்.

கூபர் பீடி ஓபல் கல் தோண்டும் ஊர். 1915-ல் அங்கே ஓபல் கண்டெடுத்தார்கள். கோடைக்குத் தப்ப, ஜனங்கள் பூமியைக் குடைந்து உள்ளேயே வீடு, மாதா கோயில் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். பகலெல்லாம் மண்மேடுகளைச் சுற்றிப் பார்த்தோம். சாயங்காலம் காற்று எழுந்தது, புழுதி. ராத்திரி இரண்டு மணிக்குப் பையன் இருமி எழுந்தான். மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போய்ப்போய் வந்தது.

கை நடுங்கியது. சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பெண் டார்ச் அடித்துக் காட்ட, நான் அதன்படியே செய்தேன். ஸ்பேசரில் ஒவ்வொரு அழுத்தாக நான்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு, பிறகு நான்கு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. குறையாவிட்டால் மறுபடி நான்கு. அப்போதும் குறையாவிட்டால் 000 எண்ணில் ஆம்புலன்ஸ். (இது எங்கள் பையனுக்கு எழுதிக் கொடுத்தது. உங்கள் குழந்தைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.) இரண்டாவது சுற்றில் கொஞ்சம் அடங்கியது. அதற்குள் இவர் மின்சார ஒயரைக் கழற்றி, வண்டியைக் கிளப்பிவிட்டார். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பகலில் பார்த்த வாசல்தானே! வீட்டோடு போய் ஆஸ்பத்திரி முன்னால் நின்றோம்.

விடியும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொண்டார் ஒரு நர்ஸ் அம்மா. காலையில் டாக்டர் சொன்னார்: "பயமில்லை. ஆனால் இன்று எங்கேயும் ஓட்டிப் போகாதீர்கள். நாளைக்குக் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்."

"பேசாம வீட்டுக்கே திரும்பிடலாமா?" என்று அழுதேன்.

அத்தைதான் சொன்னார்: "திரும்பணும்னா திரும்புவோம் தாயி. கல்லு எங்கேயும் ஓடிப்போகாது. ஆனா, முடிவை இன்னைக்கு எடுக்காதே. இன்னைக்குப் பூராவும் தூங்காம இருக்கே."

குடைந்த அறை ஒன்றில் வாடகைக்குத் தங்கினோம். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே ஒரே சீரான இதம், காற்றுமில்லை, புழுதியுமில்லை. பையன் எட்டு மணி நேரம் தூங்கினான். இவர் என் நோட்டை எடுத்து, 'வெற்று நாள்' என்று எழுதியிருந்த இரண்டில் ஒன்றை அடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு கோயில் கிண்டலும் இல்லை.

மறுநாள் டாக்டர் சரி என்றார். வடக்கே போனோம்.

மேலே போன பிறகு

வழியில் என் பெண்ணுக்கு 20 டாலர் நோட்டைக் காட்டினேன். அதில் இருக்கும் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் முயற்சியால்தான், 1928-ல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து 'பறக்கும் டாக்டர்' சேவை தொடங்கியது. இன்றும் ஆஸ்பத்திரி இல்லாத பண்ணைகளுக்கு விமானத்தில் டாக்டர் வருகிறார். தொலைதூர இடங்களில் மருந்துப்பெட்டி ஒன்று இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். டாக்டர் போனில் எண்ணைச் சொல்ல, அங்கிருப்பவர் எடுத்துக் கொடுப்பார்.

ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸில் 1951-ல் தொடங்கிய 'வானொலிப் பள்ளி'யைப் பார்த்தோம். அப்போது ரேடியோவில் பாடம். இப்போது செயற்கைக்கோள் இணையத்தில். பண்ணை வீடுகளில் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பது பெரும்பாலும் அம்மாக்கள்தான் என்று கேட்டபோது, எனக்கு என் பயமெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

உலுரு 348 மீட்டர் உயரமுள்ள ஒற்றைச் செம்பாறை. அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 2019 அக்டோபர் முதல் மேலே ஏறத் தடை. "ஏன் ஏறக் கூடாது?" என்று பெண் கேட்டாள். "சாமி மேல ஏறுவாகளா? சுத்தித்தான் வரணும்" என்று அப்பத்தா முடித்துவிட்டார். முழுக்கச் சுற்ற பத்து கி.மீ.க்கு மேல். பையனுக்காகக் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிட்டோம். குறையாகவே தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு

* ஒரு நாளைக்கு 300 கி.மீ. சராசரி போதும். 400 மேல் போகிற நாளுக்கு மறுநாள் ஓய்வு வையுங்கள்.
* ஒன்பது நாளுக்கு ஒன்று வீதமாவது வெற்று நாள்.
* ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரி வாசலை வெளிச்சத்தில் பாருங்கள்.
* ரோட்ஹவுஸ் திறந்திருக்கிறதா, சாலை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள்.
* ஈத் தொல்லைக்கு முகத்தில் போடும் வலை ஆளுக்கொன்று.
* கிளம்புமுன் ஒரு ராத்திரி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, அதிலேயே சமைத்துத் தூங்கிப் பாருங்கள். மறந்த சாமான் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்!

இரண்டாவது வெற்று நாள் மழைக்கும் வேண்டியிருக்கவில்லை, இளைப்புக்கும் வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியில் போர்ட் அகஸ்டாவில் தங்கி, பதினேழு நாள் செம்மண் அழுக்கைத் துவைத்துக் காயப்போட்டோம். பையன் துணிகளுக்கு நடுவே ஓடி விளையாடினான், இருமல் இல்லாமல்.

வீடு வந்து சாமான் இறக்கும்போது அஞ்சாவது கேன் அப்படியே இருந்தது, சீல்கூட உடையவில்லை. "வீணாச் சுமந்துட்டு வந்தோம்" என்றார் இவர்.

"வீணாத் திரும்பி வந்துச்சேன்னு சந்தோஷப்படுப்பா" என்று சொல்லிவிட்டு, அத்தை அதைத் திறந்து எங்கள் கருவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றினார்.